காரின் மினுமினுப்பு கையளவு பேடில் இருக்கிறது!

புதிய கார் ஒன்று தெருவில் போகிறது. கண்ணாடி போல் மின்னுகிறது. தெருவோர மரமும் மாடி வீடும் அதில் தெரிகின்றன. போகிறவர், வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அதே கார் 3 ஆண்டு கழித்து எப்படி இருக்கிறது? வெயிலில் நிறுத்திப் பார்த்தால் கதவிலும் பானெட்டிலும் மெல்லிய கீறல்கள் வட்டவட்டமாகத் தெரிகின்றன. சிலந்தி வலை பின்னியது போல் இருக்கிறது. பழைய மினுமினுப்பு போய்விட்டது.

"பாலிஷ் போட்டால் சரியாகிவிடும்" என்று பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஒரு சிறிய இயந்திரம் இருக்கிறது. அதன் முனையில், ஊத்தப்பம் போல வட்டமாக ஒரு நுரைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. அது சுழல்கிறது. சுழலச் சுழல, மங்கிய இடம் பளிச்சென்று ஆகிறது.

அந்த வட்டமான பஞ்சுக்குத்தான் பட்டறையில் "பஃபிங் பேடு" என்று பெயர்.

காரின் விலையோடு ஒப்பிட்டால் பேடின் விலை ஒரு தூசு. ஆனால் காரின் முகம் அதன் கையில் இருக்கிறது. பேடு சுத்தமாக இருந்தால் கார் மின்னும். பேடு அழுக்காக இருந்தால், மெருகு போட வந்த காரே கெட்டுப்போகும்!

அது எப்படி?

காகிதத்தைவிட மெல்லியது

காரின் மேல் இருப்பது ஒரே பெயிண்ட் அல்ல. அடியில் இரும்புத் தகடு. அதன் மேல் துரு பிடிக்காமல் காக்கும் பூச்சு. அதற்கு மேல் பிரைமர். அதற்கு மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் போல் தெளிவான ஒரு பூச்சு. அதைத்தான் "கிளியர் கோட்" என்கிறார்கள். மினுமினுப்பு அதிலிருந்துதான் வருகிறது.

இத்தனை பூச்சும் சேர்ந்து எவ்வளவு கனம் இருக்கும்? குழந்தைகள் எழுதும் காகிதம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான்! ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். காரின் மொத்தப் பூச்சு பொதுவாக 100 மைக்ரானுக்குச் சற்று மேலே இருக்கும். அதில் மேலே உள்ள தெளிந்த பூச்சு மட்டும் சுமார் 40 அல்லது 50 மைக்ரான்.

அதாவது, அந்தக் காகிதத்தில் பாதி.

மெருகு போடுவது என்றால் எதையோ புதிதாகப் பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்து, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக ஆக்குவதுதான் மெருகு. தச்சர் பலகையை இழைக்கிறார் அல்லவா? அதே வேலைதான். ஆனால் தச்சருக்குப் பலகை கனமாக இருக்கிறது. இங்கே இழைப்பதற்கு இருப்பதோ பாதிக் காகிதம்!

கையில் காயம் பட்டால் தோல் வளர்ந்துவிடும். தேய்ந்துபோன பெயிண்ட் வளராது. ஒரு முறை தவறாகத் தேய்த்துவிட்டால், அந்தத் தவறைத் திருத்த மறுபடியும் தேய்க்க வேண்டும். இப்படித் தேய்த்துக்கொண்டே போனால் கடைசியில் புதிதாகப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கடன் வாங்கிக் கார் வாங்கிய குடும்பத்துக்கு அது பெரிய செலவு.

கெம்புக் கல்லின் தம்பி

பெயிண்டைத் தேய்ப்பது பேடு மட்டும் அல்ல. பேடின் மேல் வைக்கும் பசைதான் முக்கியமாகத் தேய்க்கிறது. அதை "காம்பவுண்ட்" என்பார்கள். அதற்குள் மாவு போன்ற மிக நுண்ணிய தூள் இருக்கிறது. பல காம்பவுண்டுகளில் இருக்கும் தூள், அலுமினியம் ஆக்ஸைடு.

கெம்புக் கல் தெரியும் அல்லவா? நீலக் கல்? அந்த இரண்டு ரத்தினங்களும் இதே அலுமினியம் ஆக்ஸைடால் ஆனவைதான். கற்களின் கடினத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதில் வைரத்துக்கு 10. இந்தப் பொருளுக்கு 9. அத்தனை கடினமான தூள், மென்மையான பெயிண்டின் மேல் ஓடுகிறது!

தூள் சீராக, ஈரமாக, பசையோடு கலந்து இருக்கும் வரை நல்ல வேலை செய்கிறது. அதுவே காய்ந்து கட்டி தட்டிவிட்டால் என்ன ஆகும்?

அழுக்குப் பேடு செய்யும் கேடு

மெருகு போடும்போது தேய்ந்து வரும் பெயிண்ட் எங்கே போகிறது? பேடுக்குள்தான் போகிறது. வேலை முடிந்த காம்பவுண்டும் அங்கேதான் தங்குகிறது. நுரையில் இருக்கும் சின்னஞ்சிறு துளைகள் அடைத்துக்கொள்கின்றன.

அதன் பிறகு நான்கு தீமைகள் வரிசையாக வருகின்றன.

முதலாவது: துளை அடைத்த பேடு மெத்தென்று இருப்பதில்லை. கட்டையாகிவிடுகிறது. காரின் வளைவுகளுக்கு ஏற்ப அது வளைந்து கொடுப்பதில்லை.

இரண்டாவது: சூடு. காற்றோட்டம் இல்லாத பேடு சுழலும்போது அதிகச் சூடு பிறக்கிறது. பெயிண்டுக்கும் அது ஆகாது. பேடை அதன் முதுகுத் துணியோடு ஒட்டியிருக்கும் பசையும் இளகிப் போகும்.

மூன்றாவது: காய்ந்த கட்டிகள். அவை பெயிண்டின் மேல் வட்டவட்டமாகப் புதிய கீறல்களைப் போடுகின்றன. எந்தக் கீறலைப் போக்க வந்தார்களோ, அதே கீறல்!

நான்காவது: கலப்படம். கரடுமுரடான காம்பவுண்ட் கொஞ்சம் தங்கிய பேடிலேயே, கடைசி மெருகுக்கான நயமான பாலிஷை வைத்தால், நயமான பாலிஷ் என்ன செய்ய முடியும்? அரிசி மாவு சலிக்கிற சல்லடையில் ரவையைக் கொட்டினாற்போல் ஆகிவிடும்.

"காம்பவுண்ட் சரியில்லை", "இயந்திரம் சரியில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அத்தகையவர்கள் முதலில் பேடைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

மூன்று வகை

பேடுகளில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

ஒன்று, கம்பளிப் பேடு. ஆட்டு ரோமத்தால் ஆனது. ஆழமான கீறலை வேகமாக எடுக்கும்.

இரண்டு, நுரைப் பேடு. பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற ரசாயன நிபுணரும் அவருடைய குழுவினரும் இந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். மெத்தையிலும் சோபாவிலும் இருப்பது இதே இனம்தான். கெட்டியான நுரை கீறலை எடுக்கும். மெத்தென்ற நுரை கடைசி மெருகுக்கு.

மூன்று, மைக்ரோஃபைபர் பேடு. மிக மெல்லிய செயற்கை இழைகளால் ஆனது.

மூன்றையும் சுத்தம் செய்யும் முறையில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: அழுக்கு காய்வதற்கு முன் எடுக்க வேண்டும்.

நாயுருவி சொன்ன பாடம்

பேடு எப்படி இயந்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது? ஆணி இல்லை, திருகு இல்லை. இயந்திரத்தின் தட்டில் சின்னச் சின்னக் கொக்கிகள். பேடின் முதுகில் சின்னச் சின்ன வளையங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பிடித்து இழுத்தால் 'சர்'ரென்று பிரிந்துவிடும்.

கிராமத்து வரப்பில் நடந்தால் நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொள்கிறது அல்லவா? அதே தந்திரம்தான் இது! 1941இல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற இன்ஜினீயர், நாயோடு வெளியே போய்வந்தார். நாயின் ரோமத்தில் ஒரு செடியின் முள்காய்கள் ஒட்டியிருந்தன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு கொக்கி! அதைப் பார்த்தே இந்த ஒட்டுத்துணியைச் செய்தார். 1955இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. "வெல்க்ரோ" என்று உலகம் அழைப்பது இதைத்தான்.

பேடைக் கழுவும்போது இந்த முதுகுத் துணியையும் மறக்கக் கூடாது. அதில் நூலும் தூசும் சிக்கினால் பிடிமானம் குறையும். வேகமாகச் சுழலும்போது பேடு பிய்த்துக்கொண்டு பறந்தால், காருக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து.

வேலை நடக்கும்போதே

நல்ல மெருகுக்காரர் வேலை முடியும் வரை காத்திருப்பதில்லை. ஒரு கதவு முடிந்ததும் பேடைச் சுத்தம் செய்கிறார். பானெட் முடிந்ததும் மறுபடியும் செய்கிறார். அரை நிமிட வேலைதான்.

நுரைப் பேடு என்றால், இயந்திரத்தை மெதுவாகச் சுழலவிட்டு, நைலான் பிரஷை இலேசாக அதன் மேல் வைக்கலாம். அல்லது சுத்தமான துண்டின் மேல் பேடை அழுத்திச் சுழலவிடலாம். அழுக்குத் துண்டுக்குப் போய்விடும். கம்பளிக்கும் மைக்ரோஃபைபருக்கும் கம்ப்ரஸர் காற்று நன்றாக வேலை செய்யும். காற்று அடிக்கும்போது தூள் பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்கு முகமூடியும் அவசியம். அந்தத் தூளை நாள்தோறும் சுவாசிப்பது நல்லதல்ல.

ஒரு காரை ஒரே பேடில் முடிக்கப் பார்ப்பதும் தவறு. நாலைந்து பேடுகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால், எந்தப் பேடும் அளவுக்கு மேல் சூடாகாது, நனைந்தும் போகாது.

பேடு தரையில் விழுந்துவிட்டதா? அப்படியே எடுத்துத் தட்டிவிட்டு மாட்டக் கூடாது. கழுவிக் காய்ந்த பிறகுதான் அது வேலைக்கு ஆகும். ஒரே ஒரு மணல் துகள் போதும், ஒரு கதவைக் கெடுக்க!

கழுவும் முறை

வேலை முடிந்த அன்றே கழுவிவிட வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் நாளைக்குக் காம்பவுண்ட் சிமெண்டு போல் இறுகியிருக்கும். முறை இதுதான்:

1. இயந்திரத்தின் மின் இணைப்பை எடுத்துவிட்டுப் பேடைக் கழற்றுங்கள். ஓரத்தில் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்காமல், விரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள்.

2. மேலே நிற்கும் அழுக்கைக் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள்.

3. ஒரு வாளியில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளி விடுங்கள். பேடு கழுவுவதற்கென்றே விற்கும் திரவமும் உண்டு.

4. பேடைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊற விடுங்கள். இரவு முழுவதும் ஊற வைக்கக் கூடாது. முதுகுப் பசை விட்டுப்போகும்.

5. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். மெல்லிய பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். துணி முறுக்குவது போல் முறுக்கினால் நுரை கிழியும்.

6. நல்ல தண்ணீரில் அலசுங்கள். நுரை வராமல், தண்ணீர் தெளிவாக வரும் வரை அலச வேண்டும். சோப்பு தங்கினால் அடுத்த வேலை கெடும்.

கம்பளிப் பேடுக்குக் குளிர்ந்த தண்ணீரே நல்லது. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் ரோமம் சுருங்கிக் கட்டியாகிவிடும். காய்ந்த பிறகு பிரஷால் ரோமத்தைக் கோதி நிமிர்த்த வேண்டும்.

மைக்ரோஃபைபருக்குத் துணியை மென்மையாக்கும் திரவம் போடக் கூடாது. இழையின் மேல் அது படிந்து, பிடிக்கும் சக்தியைக் குறைத்துவிடும்.

இவை கூடவே கூடாது

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர்: இவற்றில் பேடைக் கழுவுவது சுலபம் என்று சிலர் நினைக்கிறார்கள். அழுக்கு சீக்கிரம் போகலாம். நுரையும் பசையும் சேர்ந்தே போகும்! தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

கொதிநீரும் ப்ளீச்சிங் திரவமும் ஆகா.

கழுவிய தண்ணீரைக் கிணற்றடியிலும் மழைநீர்க் கால்வாயிலும் கொட்ட வேண்டாம். வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலைத் தனியே குப்பையில் சேர்ப்பது நல்லது.

நிழலில் காய வேண்டும்

கழுவுவதோடு வேலை முடியவில்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

முதலில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நீரை அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு உலர்ந்த துண்டுக்குள் வைத்து மறுபடியும் அழுத்த வேண்டும்.

அதன் பிறகு கம்பி வலைத் தட்டில் வையுங்கள். நுரை கீழே, முதுகுத் துணி மேலே இருக்கட்டும். ஏன் தெரியுமா? தண்ணீர் எப்போதும் கீழே இறங்கும். முதுகு கீழே இருந்தால் தண்ணீர் பசையில் போய் நிற்கும். நுரை கீழே இருந்தால் அது வடிந்து போய்விடும். வலையாக இருப்பதால் கீழிருந்தும் காற்று வரும்.

வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயில் நுரைக்குப் பகை. வெயிலில் கிடக்கும் பழைய மெத்தைப் பஞ்சு மஞ்சளாகி, தொட்டால் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். பேடுக்கும் அதே கதிதான். நிழலில், காற்றோட்டத்தில் காய்வதே நல்லது. சாதாரண நாளில் ஒன்று அல்லது இரண்டு நாள் ஆகும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையிலும் கடலோர ஊர்களிலும் வடகிழக்குப் பருவமழை. துணியே காயாத காலம்! அப்போது மின்விசிறியின் கீழே வைத்துக் கூடுதல் நாள் காயவிட வேண்டும். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பேடின் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். காகிதம் நனைந்தால், இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

எடுத்து வைக்கும் விதம்

ஈரப் பேடைப் பெட்டியில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். நாறும். நன்றாகக் காய்ந்த பிறகே மூடி வைக்க வேண்டும். மூடாமல் வைத்தால் பட்டறைத் தூசும் இரும்புத் துகளும் போய் உட்காரும். ஆகவே மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அல்லது ஜிப் வைத்த உறை நல்லது.

கரடுமுரடான காம்பவுண்டுக்கு ஒரு பெட்டி. கடைசி மெருகுக்கு ஒரு பெட்டி. மெழுகு பூசும் பேடுக்கு ஒரு பெட்டி. பேடின் முதுகில் பேனாவால் ஓர் அடையாளம் போட்டுவிட்டால் குழப்பமே இல்லை. மசாலா அரைக்கும் மிக்ஸி ஜாரில் காப்பிக்கொட்டையை யாராவது அரைப்பார்களா? அதுபோலத்தான் இதுவும்.

பேடின் மேல் கனமான சாமான்களை அடுக்க வேண்டாம். நுரை நசுங்கி வடிவம் கெடும். வேலை முடிந்தும் பேடை இயந்திரத்திலேயே மாட்டி, அதன் மேல் இயந்திரத்தை நிறுத்தி வைப்பதும் தவறு. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் நல்ல இடம் அல்ல.

எவ்வளவு கவனித்தாலும் பேடுக்கும் ஆயுள் உண்டு. நுரை கிழிந்தால், ஓரம் உதிர்ந்தால், அமுக்கினால் திரும்ப எழும்பாவிட்டால், முதுகுத் துணி பிரிந்தால், அதைக் காரிலிருந்து விலக்கிவிட வேண்டும். நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் ஆயிரங்களை இழக்கக் கூடாது.

எண்ணெய்த் துணி: ஜாக்கிரதை!

பேடோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு எச்சரிக்கை உண்டு. மர சாமான்களுக்கு மெருகு போட ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துகிறார்கள். அந்த எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. அப்போது சூடு பிறக்கிறது. துணியைப் பிரித்துக் காயவைத்தால் சூடு காற்றில் போய்விடும். சுருட்டிக் குவித்து வைத்தால் சூடு உள்ளேயே தங்கும். ஏறிக்கொண்டே போகும். கடைசியில் யாரும் நெருப்பு வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும்!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் 1991 பிப்ரவரி 23ஆம் தேதி பயங்கரத் தீ மூண்டது. மரச் சுவருக்கு மெருகு போட்ட துணிகளை 22ஆவது மாடியில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்துதான் தீ கிளம்பியது. 3 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

ஆகவே, அத்தகைய எண்ணெய்த் துணியை வெளியே விரித்துக் காயப் போட வேண்டும். அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும். பேடுப் பெட்டியின் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது.

வீட்டுக்கும் இதே பாடம்

இயந்திரம் இல்லாத வீட்டிலும் கார் உண்டு, ஸ்கூட்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து கழுவித் துடைக்கிறார்கள். அங்கேயும் இதே விதிதான். தூசு படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைப் போக்க வேண்டும். சக்கரம் துடைத்த துணி வேறு. பெயிண்ட் துடைக்கும் துணி வேறு. கீழே விழுந்த துணியை அலசாமல் வண்டியில் வைக்கக் கூடாது. மெழுகு பூசும் சிறு ஸ்பாஞ்சையும் கழுவி, நிழலில் காயவைத்து, டப்பாவில் மூடி வையுங்கள்.

கருவிக்கு மரியாதை

பட்டறைகள் பலவற்றில் பேடு கழுவும் வேலை, புதிதாகச் சேர்ந்த இளைஞருக்குக் கொடுக்கப்படுகிறது. "இது என்ன பெரிய வேலை?" என்று அவர் நினைக்கலாம். ஆனால் தொழிலின் அடிப்படை அங்கேதான் இருக்கிறது. பேடைப் பார்த்தே, எந்த இடத்தில் அதிகம் அழுத்தினார்கள், எவ்வளவு காம்பவுண்ட் வீணாயிற்று, எங்கே சூடு ஏறியது என்று சொல்லிவிடலாம். கழுவுகிறவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால், அவர் நாளைக்கு நல்ல மெருகுக்காரர்.

ஆயுத பூஜை அன்று எல்லாப் பட்டறையிலும் கருவிகளைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் கருவிக்குத் தேவையான மரியாதை ஆண்டுக்கு ஒரு நாள் அல்ல. வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும்! ஒரு வாளித் தண்ணீர், நாலு துளி சோப்பு, கொஞ்சம் நிழல். அந்தக் கால் மணி நேர உழைப்பில் காரும் பிழைக்கும். பட்டறையின் பெயரும் நிலைக்கும்.